பதினோரு வருஷத்துப் பூஜ்யம்

வாசலில் பூஜ்யம் எழுதித் தொங்கவிட்டால் எந்தத் தெரு விளங்கும்? என் அக்கா பதினோரு வருஷம் அதைத்தான் செய்தாள். கடைக்குள்ளே மாட்டி வைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கடற்கரைத் தெருவில் அவள் கடைதான் முதல் கடை. பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் கண்ணில் கடல் படுவதற்கு முன்னால் அந்த ஸ்லேட் படும். ஒரு முழ அகலத்தில் கல் ஸ்லேட், சுற்றிலும் மரச்சட்டம். மேலே 'இன்று மேட்டில் உள்ள பறவைகள்' என்று எழுத்து. கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பூஜ்யம். அதைப் படித்தவன் பெண்டாட்டியைப் பார்ப்பான், பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்ப்பாள், பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள்.

நான் படகுக்காரன். பஸ்ஸில் வந்தவர்கள் படகில் ஏறினால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். கூடப் பிறந்தவளே என் அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ஆத்திரம் முழுசாக அடங்கவில்லை. ஆகவே அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அங்கிருந்துதான் எனக்குத் தொடங்க வரும்.

எங்கள் ஊர் உப்பால் பிறந்த ஊர். ஒரு காலத்தில் வருஷத்துக்கு எழுபது கப்பல் வந்து உப்பு ஏற்றிப் போனதாம். கிடங்கு, கிடங்கிலிருந்து துறைக்குப் போகிற தண்டவாளம், பாறைமேல் கலங்கரை விளக்கம் எல்லாமே உப்புக்காகக் கட்டியவைதான். அதில் ஒரு கப்பல் முக்கால்வாசி ஏற்றின உப்போடு கரையிலிருந்து ஒரு மைலில் தரைதட்டி நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. உப்பு கரைந்தது, மரம் உளுத்தது, விலாக்கட்டைகள் மட்டும் நின்றன. அவற்றைச் சுற்றி மணல் சேர்ந்து சேர்ந்து ஒரு மேடாயிற்று. கப்பல் மேடு என்று பேர். நாயோ நரியோ பூனையோ நீந்திப் போக முடியாத தூரம். பறவைகளுக்கு யார் தகவல் சொன்னார்களோ தெரியாது, ஒரு வருஷம் ஆலாக்கள் வந்து அங்கே முட்டையிட்டன. அதற்கடுத்து உப்பு வியாபாரம் படுத்துவிட்டது. ஊரும் கூடவே படுத்தது. அப்போது ஆலாவைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களை நம்பி லாட்ஜ் வந்தது, ரொட்டிக்கடை வந்தது, சைக்கிள் வாடகைக் கடை வந்தது, என் படகும் வந்தது. உப்பு கைவிட்ட பிள்ளையைப் பறவை எடுத்து வளர்த்தது என்பாள் அக்கா.

எங்கள் அப்பா உப்புக் கிடங்கின் கடைசிக் காவல்காரர். கிடங்கை மூடினபோது எல்லோரும் பூட்டு, சங்கிலி, தராசு என்று ஆளுக்கொன்றாக எடுத்துப் போக, அப்பா கொண்டு வந்தது அந்த ஸ்லேட். அன்றன்றைக்கு எத்தனை மூட்டை கப்பலேறியது என்று எழுதிப் போடுகிற ஸ்லேட் அது. அக்கா அதில் ஆலாவை எழுதினாள்.

அக்காவின் புருஷன் படகு மெக்கானிக். கல்யாணமாகி நாலாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அவர் விட்டுப்போன பணத்தில்தான் கடை வைத்தாள். கடைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை, அதில் கட்டில், அடுப்பு, ஜன்னல். கடையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சிப்பி மாலை, காற்றாடி, வாடகைக்கு நாலு பைனாகுலர். நாலையும் மேஜைக்காலில் நூல் போட்டுக் கட்டியிருப்பாள். ஒரு தடவை ஒன்று பஸ்ஸேறிப் போய்விட்டதிலிருந்து அந்த ஏற்பாடு.

வந்தவர்களுக்கு எங்கே போவது என்று அவள்தான் சொல்லுவாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாள், செருப்பைப் பார்த்துச் சொல்லுவாள். குதிகால் உயர்ந்த செருப்பா, கலங்கரை விளக்கத்துக்குப் போங்க, படி நல்ல படி. தோல் செருப்பா, உப்பளத்து வரப்பு வரைக்கும் நடங்க, உள்ளான் குருவிக் கூட்டம் இருக்கும், சேற்றில் இறங்காதீங்க. ரப்பர் செருப்பா, முகத்துவாரத்துக்கு நடங்க, நாரை நிற்கும். வெறுங்காலோடு வந்தவனிடம், "உனக்கு நான் சொல்ல என்ன இருக்கு, நீயே போய்க்குவே" என்பாள். ஸ்லேட்டக்கா என்று ஊர் அவளுக்குப் பேர் வைத்தது.

மேட்டில் மட்டும் யாரையும் இறங்கவிட மாட்டாள். பறவைக் காலம் நாலு மாசம். அந்த நாலு மாசமும் என் படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டைச் சுற்றி வரும், அவ்வளவுதான். தினமும் விடியற்காலை அவள் ஒருத்தி மட்டும் இறங்குவாள். நான்தான் கொண்டு போய் விடுவேன். ஆலாவுக்குக் கூடு என்று ஒன்று கிடையாது. மணலில் ஒரு குழி பறித்து முட்டையிட்டுவிடும். தாய் எழுந்துவிட்டால் வெயிலில் முட்டை வெந்தே போய்விடும். அதனால் வெயில் ஏறுவதற்குள் எண்ணி முடித்துவிட வேண்டும். ஓரமாக ஒரே தடத்தில் ஒரு சுற்று நடப்பாள். பத்துப் பறவைக்கு ஒரு சோழி, இடுப்பில் தொங்கும் இடது பையிலிருந்து வலது பைக்கு மாறும். தலைக்கு மேலே அவை கத்திக்கொண்டு வந்து கொத்தும், எச்சமிடும். படகில் திரும்பி வந்து ஏறும்போது தலையெல்லாம் வெள்ளையடித்த மாதிரி இருப்பாள். "ஆசீர்வாதம்டா" என்பாள்.

அவள் வந்து ஸ்லேட்டில் எழுதினால்தான் எங்கள் தெருவில் பொழுது விடியும். இரண்டாயிரத்துக்கு மேல் என்றால் ரொட்டிக்கடைக்காரர் இன்னொரு முறை மாவு பிசைவார். மூவாயிரம் என்றால் லாட்ஜ்காரர் மொட்டை மாடியில் கட்டில் போடுவார். நான் இரண்டு கேன் டீசல் சேர்த்து வாங்குவேன். ஊரே அந்த ஒரு எண்ணுக்காக ஆலாப் பறந்தது.

ஒரு வருஷம் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது எழுதினாள். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஸ்லேட்டுக்குப் பக்கத்தில் நின்று ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதுதான் எங்களுக்குக் கண்பட்ட வருஷம்.

பறவைக் காலம் முடிந்து மேடு காலியானதும் லாட்ஜ்காரர் கடைக்காரர்களைக் கூட்டினார். மேட்டின் தெற்கு முனையில் ஒரு நிழல் கூரை போட்டு விடுவோம், அடுத்த வருஷம் ஆட்கள் அங்கே இறங்கி உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். அக்கா கூடாது என்றாள். பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் வேண்டும் என்றார்கள். பதினேழில் நானும் ஒருவன். கூரைக்கு உப்புக் கிடங்கில் கிடந்த பழைய பலகைகளையும் பாய்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. சும்மா கிடக்கிற பலகைதானே. கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது.

ஏற்றுகிற அன்றைக்கு அக்கா துறைக்கு வந்தாள். சண்டை போட வருகிறாள் என்று நினைத்தேன். அவள் சத்தமே போடவில்லை.

"டேய், கிடங்கு பலகைடா இது. அதுக்குள்ள என்ன குடியிருக்குன்னு அப்பாகிட்ட வளர்ந்த உனக்குத் தெரியாதா? ஒவ்வொண்ணா நிமித்தி, தட்டி, பார்த்து ஏத்து."

"சரி."

"சரின்னு சொல்லாத. தட்டு. சுருட்டின பாயை உதறு."

"நீ கடைக்குப் போக்கா. எனக்கு வேலை தெரியும்."

போனாள். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று மணி நேரம் போனால் துறையில் படகு நிற்காது. நூற்றுச் சொச்சம் பலகை. முதல் பத்தைத் தட்டினேன். அதற்கப்புறம் தட்டவில்லை. கட்டாகத் தூக்கிப் போட்டு நாலு நடையில் கொண்டு போனேன். மூன்றாம் நடையில், மேட்டில் இறக்கும்போது, கட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மணலில் விழுந்து ஓடியது. நண்டு என்று நினைத்துக்கொண்டேன். நண்டு நேராக ஓடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நண்டு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கேட்டாள். "எல்லாத்தையும் தட்டினியா?"

"தட்டினேன்."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு கடைக்குள் போய் பைனாகுலர்களைத் துடைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தக் கேள்வியை அவள் கேட்டதில்லை. நானும் பேச்சை எடுத்ததில்லை.

அடுத்த வருஷம் ஆலாக்கள் வழக்கம்போல வந்தன, முட்டையிட்டன. மூன்றாம் வாரம் அக்கா படகில் ஏறும்போது முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். எல்லாம் ஓடு. ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் ஓர் ஓட்டை, ஓரத்தில் பல் பட்ட தடம். அந்த வருஷம் ஒரு குஞ்சுகூடப் பறக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் நானூறு வந்தது, பத்தே நாளில் திரும்பிவிட்டது. மூன்றாம் வருஷம் முதல் நாள் காலையில் மேட்டைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, சோழி எதுவும் மாறாத பையோடு, பூஜ்யம் எழுதினாள். லாட்ஜ்காரரின் நிழல் கூரை அதற்கு முன்பே ஒரு புயலில் பறந்துவிட்டிருந்தது. அதன் நிழலில் ஒரே ஒரு ஆள்கூட உட்கார்ந்ததில்லை.

பூஜ்யத்தை ஒரு வாரம் பொறுத்தோம். எட்டாம் நாள் தெருவே அவள் கடை முன்னால் நின்றது.

"ஏம்மா, பறவைதான் முட்டை போடல. நீ எதுக்குத் தினமும் ஒண்ணு போடுறே?" என்றார் லாட்ஜ்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இருந்தப்போ எழுதினேன்ல? அப்ப இல்லாதப்பவும் எழுதணும்."

"எழுதாம விடேன். ஸ்லேட்டை உள்ள வெச்சிடு. யார் கேக்கப் போறாங்க?"

"எழுதாம விட்டா, போய்ப் பார்க்கலைன்னு அர்த்தம். நான் போய்ப் பார்த்தேன்."

"இவ வாய்க்கு ஒரு பூட்டு கிடையாதா?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னேன்: "நீ அந்தப் பூஜ்யத்தை அழிக்கிற வரைக்கும் என் படகுல காலை வைக்காத."

"சரிடா" என்றாள். அன்றிலிருந்து நண்டுக்காரர் அவளைக் கொண்டு போய் விட்டார். அவர் விடிகாலையில் மேட்டுப் பக்கம் கூடை போட எப்படியும் போகிறவர். காது கேட்காது. அவளுக்கு அது வசதி, யார் என்ன திட்டினாலும் அவரிடம் போய்ச் சேராது.

மேட்டுக்கு அவள் எலிப்பொறி கொண்டு போனாள். தச்சரிடம் சொல்லி மரப்பெட்டிப் பொறி முப்பது செய்து வாங்கினாள். உள்ளே போனால் கதவு விழுந்துவிடும். ஆனால் காற்றிலும் விழும். மூடிக் கிடக்கிறதே என்று திறந்தால், எலி இருந்தால் குதித்து ஓடிவிடும். அதனால் ஒவ்வொரு பெட்டியையும் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்க வேண்டும். ஓடினால் எலி, ஓடாவிட்டால் காற்று. எலி இருக்கிற பெட்டியை அப்படியே கடலில் அமுக்க வேண்டும். அதையும் அவளே செய்தாள். முதல் வருஷம் நூற்றுப் பத்தொன்பது. "மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதையால்ல இருக்கு" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "மலை எங்க இருக்கு? மணலைக் கெல்லித்தான் பிடிக்கிறேன்" என்றாள் அவள்.

வருஷம் போகப் போக அறுபது, நாற்பது, ஒன்பது. ஸ்லேட்டில் அதே பூஜ்யம். சைக்கிள் கடை மூடியது. ஐஸ் கடைக்காரர் மகளோடு இருக்கப் போய்விட்டார். நான் ஆட்களைக் கலங்கரை விளக்கத்துக்கும் குகைப் பாறைக்கும் ஓட்டிப் பிழைத்தேன். அந்தப் பாறையைக் குகை என்று சொல்வதே பாவம், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் நனைவார். பையன்கள் இரண்டு பேரும் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார்கள். போகும்போது பெரியவன் அத்தையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என் பெண்டாட்டி மட்டும் நான் பார்க்காத நேரத்தில் அவளுக்குச் சோறு கொடுத்து அனுப்புவாள். "அண்ணி என்ன தப்பு பண்ணாங்க? உள்ளதைத்தானே எழுதுறாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். அன்றைக்கு நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

ஒன்பதாம் வருஷம் பொறியில் ஒரு எலிகூட விழவில்லை. பத்தாம் வருஷமும் விழவில்லை. மேடு சுத்தமாகிவிட்டது என்று அவள் நம்பினாள். நம்பினாளே தவிர, தட்டிப் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஆலாதான் வரவில்லை. மேட்டில் பிறந்த ஆலாதான் மேட்டுக்குத் திரும்பி வரும், இத்தனை வருஷம் அங்கே ஒன்றும் பிறக்கவில்லையே, எதை நம்பி வரும் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாளாம். நண்டுக்காரருக்குக் கேட்காது என்பதால் அவரிடம்தான் எல்லாவற்றையும் பேசினாள். உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொண்டு அவர் எனக்குச் சொன்னார்.

பதினோராம் வருஷம் ஒரு காலையில் அவள் ஓடி வந்ததை ரொட்டிக்கடைக்காரர் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயசில் ஓட்டம். என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் போனபோது அவள் ஸ்லேட் முன்னால் சாக்கட்டியோடு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு" என்றாள். என்னோடு பத்து வருஷமாகப் பேசாதவள். "ஜோடிடா. விலாக்கட்டை மேல மூணு சுத்து சுத்துச்சு. ஆண் வாயில மீன் வெச்சிருந்துச்சு."

ரொட்டிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். "எழுதுங்கக்கா. ரெண்டுன்னு எழுதுங்க. ரெண்டே போதும்."

அவள் சாக்கட்டியைத் தூக்கினாள். பிறகு இறக்கினாள். "உக்காரலையே" என்றாள்.

"சுத்துச்சுல்ல?"

"சுத்துச்சு. மேட்டுல உக்காந்ததைத்தான் எழுதணும். பறந்தது எல்லாம் வானத்துக் கணக்கு."

"அக்கா, கும்பிட்டுக் கேக்கறேன்" என்றேன் நான். "ஒரு நாளைக்கு. ஒரே ஒரு நாளைக்கு."

அவள் பூஜ்யம் எழுதினாள். எனக்கு அன்றைக்கு அந்தக் கையின் மேல் கல்லைத் தூக்கிப் போட வேண்டும் போலிருந்தது. அந்த ஜோடி மறுபடி வரவில்லை. நாலு மாசமும் காலையில் போய் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம்.

அந்த வருஷக் கடைசியில் வயிற்று வலி என்றாள். வலியை ஆறு மாசமாக அடக்கி வைத்திருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார். கட்டி. திறந்து பார்த்துவிட்டுத் தைத்துவிட்டார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் பெரியாஸ்பத்திரி, இரண்டாம் மாடி, சுவரோரக் கட்டில். ஜன்னலில் தெரிவதெல்லாம் துணி வெளுக்கிற இடமும் அதன் புகைபோக்கியும்தான். அடுத்த பறவைக் காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நான் வர்ற வரைக்கும் ஸ்லேட்டை நீ பார்த்துக்கோ. நண்டுக்காரருக்கு நடக்க முட்டி இல்ல."

வரப்போவதில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சரி என்றேன்.

முதல் நாள் விடியற்காலை படகை எடுத்துக்கொண்டு போனேன். மேட்டைச் சுற்றி வந்தேன். இறங்கவில்லை. பலகை இறக்கின நாளுக்குப் பிறகு அந்த மணலில் நான் கால் வைத்ததே இல்லை. படகிலிருந்தே பைனாகுலரில் பார்த்தேன். விலாக்கட்டை, மணல், வரிசையாக அவள் பொறிகள். ஒரு கடல்காகம் விலாக்கட்டை மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அதை எண்ண முடியாது, அது ஊர்க்காரன்.

திரும்பி வந்து சாக்கட்டியை எடுத்தபோது லாட்ஜ்காரர் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது அவருக்கும் வயசாகிவிட்டது. சத்தமாகக்கூடப் பேசவில்லை. "படகுக்காரா, உன் அக்கா இங்க இல்ல. ஊர் செத்துக்கிட்டு இருக்கு. ஏதோ ஒண்ணு எழுதுப்பா."

ஏழு என்று எழுதினேன். ஐந்து என்றால் பொய் மாதிரித் தெரியும், பத்து என்றால் பேராசை மாதிரித் தெரியும், ஏழு என்றால் எண்ணின மாதிரி இருக்கும். எழுதி முடித்ததும் ரொட்டிக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் பன்னிரண்டு. அதற்கடுத்து பத்தொன்பது. ஆட்கள் வந்தார்கள். பதினோரு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் படகு இரண்டு நடை போயிற்று. ஆட்கள் பைனாகுலரை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். "இப்பதான் இரைக்குப் போயிருக்கும்" என்பேன். எல்லோரும் நம்பினார்கள். ஸ்லேட்டக்கா ஸ்லேட்டில் பொய் இருக்காது என்று ஊருக்கு வெளியேயும் பேர் இருந்ததே, அந்தப் பேரில்தான் நான் டீசல் போட்டேன்.

நல்ல வருஷங்களில் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு போஸ்ட்மாஸ்டர் இருந்தார். இப்போது ரிட்டயர்டு. பறவை திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டு மனைவியோடு வந்தார். என் படகில் இரண்டு மணி நேரம் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழம் வாங்கிக்கொண்டு நேராக அங்கே போய்விட்டார். அவளிடம் சொன்னாராம்: "ஸ்லேட்ல இருபத்தாறுன்னு போட்டிருக்கும்மா. எனக்கு ஒண்ணுகூடத் தெரியல. என் கண்ணு போயிடுச்சு. ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட காட்டணும்."

நான் மறுநாள் போனேன். பழம் அப்படியே ஸ்டூலில் இருந்தது. அக்கா மெலிந்து கட்டிலோடு ஒட்டியிருந்தாள். விஷயம் அவளுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவளே ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு எத்தனைடா?"

"முப்பத்தொண்ணு."

"எங்க உக்காந்திருக்கு? வடக்கு முனையிலயா, விலாக்கட்டைப் பக்கமா?"

"விலாக்கட்டைப் பக்கம்."

"முட்டை இருக்கா?"

"இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அது முடிகிற வரைக்கும் அக்கா காத்திருந்தாள். பிறகு போஸ்ட்மாஸ்டர் வந்ததையும் அவர் சொன்னதையும் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கதை சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"பாவம்டா அந்த மனுஷன். கண்ணு நல்லா இருக்கறவரைப் போய்க் கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டே."

"அக்கா, ஊர்ல எல்லாரும்..."

"ஊர் கிடக்கு." மூச்சு வாங்கினாள். "நீ இறங்கினியா?"

நான் ஸ்டூலில் இருந்த பழத்தைப் பார்த்தேன்.

"இறங்கலை. பொறி?"

"பார்க்கலை."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். போகலாமா என்று செருப்பைத் தேடினேன். அப்போது என் பக்கம் திரும்பாமலே பேசினாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, கடையில் வெளியூர் ஆட்களுக்கு வழி சொல்கிற அதே குரலில்.

"நாளைக்கு வெயில் ஏறுறதுக்குள்ள போ. இந்தச் செருப்பு வேணாம், சிப்பி கிழிச்சிடும். என் ரப்பர் செருப்பு நண்டுக்காரர் படகுல பலகைக்கு அடியில இருக்கு, அதைப் போட்டுக்கோ. இறங்கி நட. ஓரமா, முழுசா ஒரு சுத்து. பொறி முப்பது இருக்கு. ஒவ்வொண்ணா தூக்கித் தட்டிப் பாரு. தட்டாம வந்து தட்டினேன்னு சொல்லாதடா, இந்தத் தடவையாவது. தட்டிப் பார்த்துட்டு வந்து, என்ன இருக்கோ அதை எழுது."